சனிக்கிழமை வகுப்புக் கணினியில் கேம் விளையாட விடலாமா? (பீடோங்)

செல்வா_பீடோங் | வியாழன், இரவு 10:40

வணக்கம். கெடாவில் நம் பீடோங் பக்கம் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் கொஞ்சம் கருத்துச் சொல்லுங்கள்.

எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இலவச வகுப்பு நடத்துகிறோம். வருவது பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேறி இங்கே வீடு வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள். இன்னும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் சிலர். நான்காம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளிப் படிவம் மூன்று வரை. அண்மையில் ஒரு தொழிற்சாலை தன் அலுவலகத்தில் கழித்த ஆறு கணினிகளைக் கொடுத்தது. கணிதமும் ஆங்கிலமும் முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கேம் போடலாமா?"

குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. விளையாட விட்டால்தான் பிள்ளைகள் வருவார்கள், அதிலும் கற்றல் இருக்கிறது என்கிறார்கள் சிலர். வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு இங்கே அனுப்புகிறோம், இங்கேயும் அதேதானா என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகிறது, அதுதான் சிக்கல்.

கேம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேச வேண்டாம், அது பேசிப் பேசிப் புளித்துவிட்டது. இந்தக் கணினிகள், இந்தப் பிள்ளைகள், வாரத்தில் இரண்டு மணி நேரம். இதை வைத்து என்ன செய்யலாம்?

தோட்டத்துக்கிராணி | வியாழன், இரவு 10:58

மண்டபத்துக் கரண்டு பில்லை யார் கட்டுவது? முதலில் அதைச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஜெராய்க்காற்று | வெள்ளி, காலை 7:15

தம்பி செல்வா, கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில்: வேண்டாம்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள்தான். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இன்னும் பணியில் இருந்தேன். வகுப்பு கைப்பேசிக்குப் போனது. வீட்டில் இருப்பது அம்மாவின் கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் மூன்று. பாடம் நடந்ததோ இல்லையோ, கேம் அதில் குடியேறிவிட்டது. பள்ளி திறந்த பிறகு பார்த்தால் ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் பிள்ளை இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போகிறான். கேம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணங்களில் ஒன்று.

"அதிலும் கற்றல் இருக்கிறது" என்பவர்களைக் கேட்கிறேன், என்ன கற்கிறான்? அந்தக் கேமை ஆடக் கற்கிறான். 2010இல் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பிபிசி மூலம் ஆள் சேர்த்து 11,430 பேரை ஆறு வாரம் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை ஆட வைத்தார்கள். ஆடிய விளையாட்டில் எல்லாரும் தேறினார்கள். வேறு சோதனை வைத்தால், அந்த விளையாட்டுக்கு மிக நெருங்கிய சோதனையில்கூட, பயன் தெரியவில்லை. 2016இல் லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த வழக்கில் அமெரிக்க அரசுக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. நன்றாகப் படித்தவர்களே "விளையாடினால் அறிவு வளரும்" என்பதை நம்பிக் காசு கொடுத்திருக்கிறார்கள். நாம் எம்மாத்திரம்?

இரண்டு மணி நேரம்தானே இருக்கிறது? எழுத வையுங்கள்.

லயத்துப்பையன்99 | வெள்ளி, மதியம் 12:30

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன்.

பிறந்தது லயத்தில், இப்போது பினாங்கில் மென்பொருள் சோதிக்கும் வேலை. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது ஆங்கிலத்தில் என்னால் ஒரு வரி பேச முடியாது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது டவுனில் இருந்த சைபர் கஃபே. ராக்னராக், மேப்பிள் ஸ்டோரி என்ற கேம்கள். கேமில் வரும் கிழவன் என்ன கொண்டுவரச் சொல்கிறான் என்று படிக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது அகராதி யார் பார்ப்பது? பக்கத்து சீட்டுச் சீன அண்ணனைக் கேட்பேன். அவர் மலாயில் விளக்குவார். ஆங்கிலமும் மலாயும் ஒரே நாற்காலியில் வந்தது எனக்கு.

பின்னால் மைன்கிராஃப்ட். அதில் ரெட்ஸ்டோன் என்று ஒன்று, மின்கம்பி மாதிரி இழுத்துக் கதவு திறக்க, விளக்கு எரிய வைக்கலாம். இரண்டு நெம்புகோலும் இழுத்தால் மட்டும் கதவு திறக்கட்டும் என்று மூன்று டார்ச் வைத்துக் கட்டுவோம். அதற்கு ஆண்ட் கேட் என்று பெயர் உண்டு என்பது வகுப்பில் பாடம் வந்த பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரியாமலே வேலை தெரிந்திருந்தது.

ஃபோல்டிட் என்று ஒரு கேம் 2008இல் வந்தது. புரதத்தை மடிப்பதுதான் ஆட்டம். குரங்குகளுக்கு எய்ட்ஸ் மாதிரி நோய் தரும் ஒரு வைரஸின் நொதி எப்படி அமைந்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் பல வருடம் முட்டிக்கொண்டிருந்தார்கள். 2011இல் அதை ஆட்டக்காரர்களிடம் விட்டார்கள். மூன்று வாரத்தில் உருப்படியான வடிவம் வந்துவிட்டது. ஆடியவர்களில் பெரும்பாலோர் உயிரியல் படித்தவர்களே இல்லை.

வேலை வாய்ப்பும் பாருங்கள். 2019 சீ விளையாட்டில் (தென்கிழக்காசியப் போட்டி) மின்விளையாட்டுக்கே பதக்கம் கொடுத்தார்கள். 2024இல் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையைத் தூக்கியது நம் சிலாங்கூர் ரெட் ஜெயண்ட்ஸ்.

ஜெராய்க்காற்று | வெள்ளி, மதியம் 1:05

நீங்கள் தேறிவிட்டீர்கள், மகிழ்ச்சி. அந்தக் கஃபேயில் உங்களோடு உட்கார்ந்த மற்றவர்கள் எங்கே? அவர்களைத் தேடி ஒரு கணக்கு எடுங்கள், பிறகு பேசலாம். ரியாத்தில் கோப்பை தூக்கியவர்கள் ஒரு கைவிரலில் அடங்குவார்கள். ஃபோல்டிட் ஆடும் ஒரு பிள்ளையை நம் தாமானில் காட்டுங்கள், என் மோட்டாரை எழுதிக் கொடுக்கிறேன்.

தோட்டத்துக்கிராணி | வெள்ளி, மதியம் 1:20

வாத்தியார் மோட்டார் என்ன மாடல்?

கவிதா_எஸ்பி | வெள்ளி, இரவு 9:50

இதுவரை வாசிக்க மட்டும்தான் வந்தேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

லயத்துப்பையன் தம்பி, நீங்கள் ஆடியதும் என் மகன் ஆடுவதும் ஒரே பெயரில் இருக்கின்றன, அவ்வளவுதான். அவன் படிவம் ஒன்று. துப்பாக்கிக் கேம், பத்து நிமிடம் ஓர் ஆட்டம், செத்தால் அடுத்தது. படிக்க அதில் ஒரு வரி கிடையாது. தீபாவளிக்கு வந்த அங்பாவ் காசு மொத்தமும் டாப்-அப் ஆகிப் போய்விட்டது. எதற்கு? துப்பாக்கிக்கு நிறம் மாற்ற. அந்த நிறத்தையும் நேராக வாங்க முடியாதாம். சக்கரத்தைச் சுற்ற வேண்டுமாம், விழுந்தால் உண்டு, விழாவிட்டால் மறுபடி காசு. எங்கள் அப்பா பால் மரம் வெட்டிய காசில் நாலு நம்பர் லாட்டரி எடுப்பார், அம்மா அதற்குச் சண்டை போடுவார். இது அதுதானே? அவராவது வளர்ந்த மனிதர்.

நான் கிளினிக்கில் ஷிப்ட் வேலை. அவர் லாரி. வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "பெற்றோர் கண்காணிக்க வேண்டும்" என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். எந்த நேரத்தில் என்று யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று. என் மகள் ஐந்தாம் ஆண்டு. அண்ணன் ஆடும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவள் கைக்கு வருவதே இல்லை. உங்கள் மண்டபத்திலும் அப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் செல்வா.

செல்வா_பீடோங் | வெள்ளி, இரவு 10:05

அக்கா, உண்மை. ஆறு நாற்காலியிலும் பையன்கள்தான். நாளைக்கே மாற்றுகிறேன்.

நிறைமதி | வெள்ளி, இரவு 11:30

நான் கல்வியியல் துறை. பொதுவாக இங்கே வாய் திறப்பதில்லை, ஆனால் கவிதா அக்கா எழுதியதில் இந்த இழையின் பாதி விடை இருக்கிறது.

ஜெராய் ஐயா காட்டிய ஆய்வு சரி. அதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படுவது 2003இல் அதே நேச்சர் இதழில் வந்த ஆய்வு. வேகமான அதிரடிக் கேம்களை ஆடுபவர்களின் பார்வைக் கவனம் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. ஆடாதவர்களை நாளுக்கு ஒரு மணி நேரம், பத்து நாள் ஆட வைத்தபோது அவர்களும் முன்னேறினார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் திரையின் ஓரத்தில் அசைவதைச் சட்டென்று பார்ப்பது வேறு, பத்தி எழுதுவது வேறு. கேம் தான் பயிற்றுவிப்பதைப் பயிற்றுவிக்கும், அதற்கு மேல் தானாக எதுவும் ஒழுகி வராது.

அப்படியானால் லயத்துப்பையனுக்கு ஆங்கிலம் எப்படி வந்தது? அவர் எழுதியதையே மறுபடி படியுங்கள். "பக்கத்து சீட்டுச் சீன அண்ணனைக் கேட்பேன்." கேம் அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது, பக்கத்து சீட்டு பதிலைக் கொடுத்தது. சைபர் கஃபே என்பது இருட்டான, சிகரெட் புகை பிடித்த இடம்தான். ஆனாலும் அங்கே பக்கத்து சீட்டு என்று ஒன்று இருந்தது. கவிதா அக்கா மகன் கட்டிலில் படுத்துக்கொண்டு காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆடுகிறான். அவனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் பேசுவதில்லை. கேமில் கற்கலாம் என்று எழுதுபவர்கள் மைன்கிராஃப்ட், உத்திக் கேம்கள் என்று எடுத்துக்காட்டுவார்கள். அதெல்லாம் ஒருமுறை காசு கொடுத்து வாங்குவது, பெரும்பாலும் கணினியில் ஆடுவது. வாங்கியவர் ஆடாமல் விட்டாலும் விற்றவருக்கு நட்டமில்லை. மலிவு விலைத் திறன்பேசிக்கு வந்து சேர்வது இலவசக் கேம். இலவசக் கேமுக்கு முக்கிய வருமானம் உள்ளே இருக்கும் கடை. ஆகவே பிள்ளை நாளைக்கும் வர வேண்டும், நாளை மறுநாளும் வர வேண்டும், நண்பனின் சட்டையைப் பார்த்து ஏங்க வேண்டும். தினசரிப் பரிசு, இன்னும் மூன்று மணி நேரத்தில் முடியும் சலுகை, எல்லாம் அதற்காக அமைத்தது. தாமான் பிள்ளைக்கும் பட்டணத்து வசதிப் பிள்ளைக்கும் "கேம்" என்று நாம் ஒரே பெயர் சொல்கிறோம். கையில் இருப்பது இரண்டு வேறு பொருள்.

சக்கரம் சுற்றுவதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு உண்டு. 2018இல் பெல்ஜியம் செய்தது. நமக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதையே கணிதப் பாடமாக்கலாம். ஒரு தடவை சுற்றினால் கிடைக்கும் வாய்ப்பு 1% என்று வைத்துக்கொள்வோம். நூறு தடவை சுற்றினால் நிச்சயம் கிடைக்குமா? பிள்ளைகள் எல்லாரும் ஆமாம் என்பார்கள். பெரியவர்களும்தான். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதை நூறு தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.37. அதாவது நூறு சுற்றுக்குக் காசு கட்டிய பிறகும் மூன்றில் ஒருவருக்கும் மேல் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். இருநூறு சுற்றிலும்கூட 13% பேருக்குக் கிடைக்காது. ஆறாம் ஆண்டில் நிகழக்கூடிய தன்மை வருகிறது, படிவம் நான்கில் கூட்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு வருகிறது. பாடநூலில் வண்ணப் பந்துகளை எடுப்பார்கள். இந்தப் பிள்ளைகளிடம் துப்பாக்கியின் நிறத்தை வைத்துக் கேளுங்கள், எந்தப் பிள்ளை தூங்குகிறான் என்று பார்ப்போம்.

தோட்டத்துக்கிராணி | சனி, காலை 8:10

இவ்வளவு கணக்கு எதற்கு? சீனாக்காரன் 2021இல் ஒரே அடியாய் அடித்தான். 18 வயதுக்குக் கீழே இருந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு, இரவு 8லிருந்து 9 வரை. முடிந்தது கதை.

நிறைமதி | சனி, காலை 8:40

அண்ணே, தென்கொரியாவும் 2011இல் நள்ளிரவுக்கு மேல் 16 வயதுக்குக் கீழே ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பத்து வருடம் வைத்துப் பார்த்துவிட்டு அவர்களே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் அதற்குள் கணினியிலிருந்து கைப்பேசிக்குப் போய்விட்டார்கள், சட்டமோ கணினிக்குப் போட்டது.

கவிதா_எஸ்பி | சனி, காலை 8:55

ஒரு சந்தேகம். என் மகனுக்கு இது அடிமைத்தனம் என்று பள்ளியில் ஒருவர் சொல்லிவிட்டார். மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாமா?

நிறைமதி | சனி, காலை 9:20

அக்கா, உலகச் சுகாதார நிறுவனம் கேம் கோளாறு என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022இலிருந்து அது நடப்பில் உள்ளது. ஆனால் நிறைய ஆடுவது மட்டும் அந்தக் கோளாறு ஆகாது. கட்டுப்படுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, படிப்பும் உறவும் கெட்டுப்போன பிறகும் நிறுத்த முடியாமல், பொதுவாக 12 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, பந்து விளையாடக் கூப்பிட்டால் போகிறானா? போகிறான் என்றால் அந்தப் பெயரை அவன் மேல் ஒட்ட விடாதீர்கள். போகவில்லை என்றால் கிளினிக் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெர்போக்_வாசகன் | சனி, இரவு 8:30

பீடோங்கில் உட்கார்ந்துகொண்டு கேம், கற்றல் என்று இவ்வளவு பேசியாகிவிட்டது. ஒருவராவது கடாரத்தைச் சொன்னீர்களா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற உத்திக் கேம் 1999இல் வந்தது, இன்னும் சாகவில்லை. 2019இல் புதுப்பதிப்பு. 2022 ஏப்ரலில் அதற்கு இந்திய அரசுகளைப் பற்றி ஒரு சேர்க்கை வெளியிட்டார்கள். அதில் "திராவிடர்" என்று ஒரு தரப்பு. அவர்களுக்கான கதைத்தொடர் ராஜேந்திர சோழனைப் பற்றியது. ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வான். என் அக்கா மகன் படிவம் இரண்டு. இதை ஆடிவிட்டு என்னிடம் வந்து கோபமாகக் கேட்டான்: "மாமா, நம்ம ஆளுங்களுக்கு ஏன் நல்ல குதிரைப்படை இல்ல?"

உண்மைதான். பெரும்பாலான தரப்புகளுக்குக் கவசக் குதிரைவீரன் உண்டு, இவர்களுக்குக் கிடையாது. ஏன்? தென்னாட்டில் நல்ல போர்க்குதிரைகளை வளர்த்துப் பெருக்குவது கடினம். அரேபியா, பாரசீகப் பக்கமிருந்து கப்பலில் வந்து இறங்கும். பாண்டிய நாட்டில் குதிரைகள் இறங்கியதையும், வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்ததையும் மார்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். கேம் செய்தவர்கள் அந்தக் குறையை வைத்து, ஈடாகக் கடலைக் கொடுத்திருக்கிறார்கள். மீனவன் கூடுதலாகச் சுமப்பான், யுகம் ஏறும்போதெல்லாம் 200 மரம் இனாமாக வரும், திரிசடை என்று தனிக் கப்பல். ஒரு விதியைப் பார்த்து "ஏன்" என்று பையன் கேட்டான், அந்த ஒரு கேள்வியில் துறைமுகமும் வாணிபமும் வந்துவிட்டது.

அடுத்தது, ஊட்ஸ் எஃகு. அந்தத் தரப்பின் தனி ஆராய்ச்சி அது, அதைச் செய்துவிட்டால் எதிரியின் கவசம் செல்லாது. தென்னிந்திய உருக்குதான். "இரும்பை உருக்கறது எப்படி?" என்றான். தம்பி, நீ டியூஷனுக்குப் போகிற வழியில் சுங்கை பத்து இருக்கிறது, போய்ப் பார் என்றேன். 2009இலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டி இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சங்களை வெளியே எடுத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறான். செம்பனைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

பெரிய விஷயம் அதற்குப் பிறகு. 1025 வாக்கில் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பியதை அவன் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் வரும் புகழுரை) ஊர் ஊராக வரிசைப்படுத்துகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று போய்க் கடாரத்தில் முடிகிறது. கடாரம் என்றால் கெடா. பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நாம அடிச்சது நம்ம ஊரையா மாமா?" என்றான்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் (பழைய வழிபாட்டிடம்) கருங்கல் அடித்தளத்தைக் காட்டினேன். இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்த வழிபாட்டிடங்கள் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டு முன்பே தொடங்கியவை, கப்பலில் வந்த வணிகத்தோடு வளர்ந்தவை. ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் எழுதிக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகளில் இருக்கிறது. அப்பன் நிலம் கொடுத்த நாட்டின் மேல் மகன் படை அனுப்புகிறான். ஏன் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், கடல் வணிகப் பாதையைப் பலரும் காரணமாகக் காட்டுகிறார்கள். பையனும் இரண்டு வாரம் என்னோடு வாதாடினான்.

ஜெராய்க்காற்று | சனி, இரவு 9:10

அருமையான பதிவு. ஆனால் பாடம் நடத்தியது யார்? கேமா, மாமாவா? நீங்கள் இல்லாத வீட்டில் அந்தப் பையன் குதிரை இல்லையே என்று திட்டிவிட்டு வேறு தரப்பை எடுத்து ஆடியிருப்பான்.

லயத்துப்பையன்99 | சனி, இரவு 9:25

ஐயா, அதே மாமா கேம் இல்லாமல் "வா, மெய்க்கீர்த்தி சொல்கிறேன்" என்றிருந்தால் பையன் உட்கார்ந்திருப்பானா?

ஜெராய்க்காற்று | சனி, இரவு 9:40

நான் முப்பது பிள்ளைகளை வெறும் சுண்ணக்கட்டியோடு உட்கார வைத்தவன்.

தோட்டத்துக்கிராணி | சனி, இரவு 9:42

கையில் பிரம்பும் இருந்தது, அதையும் எழுதுங்கள் வாத்தியாரே.

நிறைமதி | சனி, இரவு 10:15

மெர்போக் அண்ணன் எழுதியதை ரசித்தேன். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தக் கேம் சோழர், பாண்டியர், சேரர் எல்லாரையும் "திராவிடர்" என்று ஒரே சட்டியில் போட்டுவிட்டது. பாண்டியனும் சோழனும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதுதான் நம் வரலாற்றில் பாதி. உருமிவாள் வீரனைக் கொண்டுவந்திருக்கிறார்கள், அது கேரளக் களரியோடு சேர்த்து அறியப்படுவது. போர் என்றால் எதிரியின் கட்டடம் எல்லாவற்றையும் இடிப்பது, அதோடு ஆட்டம் முடிந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் வீடமைப்புக்காக ஒரு பழைய சண்டியை 2013இல் இடித்துவிட்டு எவ்வளவு கண்டனம் எழுந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். இடிப்பதற்கும் வெல்வதற்கும் ஒரே பொத்தான் வைத்த கேமிடம் அதைப் பற்றிக் கேட்க முடியாது.

அதனால் ஆட விடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆடிய பிறகு "இதில் எதெல்லாம் பொய்?" என்று கேளுங்கள். தவறு கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வம் வேறு எதிலும் கிடையாது. கண்டுபிடித்ததை எழுதச் சொன்னால் ஜெராய் ஐயா கேட்ட பத்தியும் வந்துவிடும்.

செல்வா_பீடோங் | ஞாயிறு, இரவு 10:30

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நிறைமதி சொன்ன 1% கணக்கைப் பலகையில் போட்டேன். கணினியே திறக்கவில்லை. படிவம் இரண்டு பையன் ஒருவன், தான் இதுவரை கட்டிய காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. இன்னொருவன் "அப்போ 300 தடவை சுத்தினா?" என்று கேட்டான், அது வேறு விஷயம்.

கவிதா அக்கா சொன்னபடி நாற்காலிக்கு இரண்டு பேர் என்று வைக்கப் போகிறோம், ஒருவர் மவுஸ், ஒருவர் சொல்பவர், பாதியில் மாற வேண்டும். பெண் பிள்ளைகள் முதலில்.

இப்போது கேள்வி: இந்தப் பழைய கணினிகளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஓடுமா?

லயத்துப்பையன்99 | ஞாயிறு, இரவு 10:50

புதுப்பதிப்பு சரியாக ஓடுவது சந்தேகம்தான் அண்ணே, பழைய அலுவலகக் கணினி. ஓடினாலும் ஆறு பிரதி வாங்கக் காசு வேண்டும். திருட்டுப் பிரதி போடாதீர்கள், கோயில் மண்டபம் வேறு.

ஜீரோ ஏடி என்று ஒன்று இருக்கிறது. அதே வகை உத்திக் கேம், திறந்த மூலம், காசே கிடையாது, கடையும் கிடையாது. சோழர் இல்லை, மௌரியர் இருக்கிறார்கள். மைன்கிராஃப்டுக்குப் பதில் லுவாண்டி, முன்பு மைன்டெஸ்ட் என்பார்கள், அதுவும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இணையம் தேவையில்லை, ஒரு கணினியை வைத்தே மற்றதை இணைத்துவிடலாம்.

யாராவது வந்து ஸ்கிராட்ச் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். எம்ஐடி 2007இல் விட்டது, நல்ல நிரலாக்கக் கருவி, கேம் ஆடுவதற்குப் பதில் கேமையே செய்யலாம். ஆனால் முதல் நாளே கொண்டுவராதீர்கள். அது பாடம் என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். முதலில் ஆடட்டும், "இந்தக் கேமில் இதை மாற்ற முடியுமா அண்ணே" என்று ஒருவன் கேட்பான், அன்றைக்கு எடுங்கள்.

ஜெராய்க்காற்று | திங்கள், காலை 7:00

என் கருத்து மாறவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் காகிதமும் பென்சிலும் இருக்க வேண்டும். அதற்கு உடன்பட்டால் நிகழ்தகவுக்குப் பயிற்சித் தாள் நான் தயாரித்து அனுப்புகிறேன். கடாரத்துக்கு ஒரு வரைபடமும் தருகிறேன், ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளே நிரப்பட்டும்.

கவிதா_எஸ்பி | திங்கள், இரவு 9:15

இரண்டு பேரையும் சனிக்கிழமை அனுப்புகிறேன். மகனின் கைப்பேசி வீட்டில்தான் இருக்கும். மண்டபத்தில் வைஃபை கடவுச்சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

செல்வா_பீடோங் | திங்கள், இரவு 9:30

சரி அக்கா. ஐயா, ஒரு மணி நேரம் காகிதம், உடன்படுகிறேன், தாளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள்.

லயத்துப்பையன்99 | திங்கள், இரவு 9:45

இரண்டு கேமையும் பென்டிரைவில் போட்டு வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கணினியில் ராம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வா_பீடோங் | திங்கள், இரவு 10:20

மூன்றில் 4 ஜிபி, இரண்டில் 8. ஆறாவது இன்றைக்கு ஓடவில்லை, விசிறி சத்தம் மட்டும் வருகிறது.

தோட்டத்துக்கிராணி | திங்கள், இரவு 10:24

அதைத் திறந்து பார்க்கிறேன், நான் வரும்வரை யாரும் தொடாதீர்கள். கரண்டு பில்லைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.